கேம்னா எல்லாம் ஒண்ணா?

"இதுவரைக்கும் நீ ஆடினதுல பெஸ்ட் கேம் எது மாப்ள?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. கிரிக்கெட்டும் ரம்மியும் துப்பாக்கிச் சண்டையும் இட்லி அவிப்பதும் ஒரே பெயரில் வந்தால் எதை எதோடு ஒப்பிட? அதனால் எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். இந்த கேம் என்னிடம் என்ன கேட்கிறது? நேரமா, பொறுமையா, காசா? பி.காம் படிக்கிறவன் புத்தி இப்படித்தான் போகும், மன்னிச்சிருங்க மக்களே.

டிஸ்கி: நான் பெரிய கேமர் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு என்ற வஸ்துவைச் சொந்தமாகத் தொட்டதில்லை. பாதி கேம் அண்ணன் லேப்டாப், மீதி நண்பன் லேப்டாப், இடையில் செல்போன். அதனால் "அந்த கேமை விட்டுட்டியே" என்று சண்டைக்கு வராதீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் என் வயதுக்காரர்கள் பலருக்கும் கேம் அறிமுகமானது அரசு இலவச லேப்டாப்பில்தான். 2011-ல் ஆரம்பித்த திட்டம். பெரியம்மா மகன் பிளஸ் டூவில் வாங்கியதில் 2 ஜிபி ராம், மூடியில் அம்மா படம். அது பாடம் படிக்கக் கொடுத்தது என்பது ஊருக்கே தெரியும். அதில் பென்டிரைவ் வழியாக என்னென்ன ஏறியது என்பதும் ஊருக்கே தெரியும்.

டேவ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து லெவல், கோப்பையை எடு, கதவுக்குப் போ. அதைச் செய்த ஜான் ரொமேரோதான் பிறகு 1993-ல் டூம் செய்த கூட்டத்தில் ஒருவர் என்று காலேஜ் வந்த பிறகு தெரிந்தது. ரோட் ராஷ் 1996-ல் விண்டோஸுக்கு வந்தது, நான் பிறப்பதற்கு முன்னால். அடுத்த வண்டிக்காரனைச் சங்கிலியால் அடித்து, காலால் உதைத்துத் தள்ளிவிட்டுப் போகலாம். இன்றைக்கும் ஐந்து நிமிஷம் கிடைத்தால் ஆடலாம். எதுவுமே கேட்காத கேம். ஜெயித்தாலும் தோற்றாலும் மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

ஐ.ஜி.ஐ அப்படி இல்லை. 2000-த்தில் நார்வே கம்பெனி ஒன்று செய்தது. மொத்தம் 14 மிஷன். இதை ஆடாத பையன் எங்கள் பக்கம் இருக்கவே முடியாது, ஆனால் பதினாலையும் முடித்தவனை விரல் விட்டு எண்ணலாம். காரணம், மிஷன் நடுவில் சேவ் செய்ய வழியே கிடையாது. முக்கால் மணி நேரம் பம்மிப் பம்மிப் போய், கேமராவை நிறுத்தி, வேலியை வெட்டி, கடைசிக் கோபுரத்தில் நிற்கிறவன் ஒருவன் சுட்டால் மறுபடி முதலிலிருந்து. இதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், "அப்பல்லாம் கேம் எவ்ளோ கஷ்டம் தெரியுமா" என்று. என்னைக் கேட்டால் அது கஷ்டம் இல்லை, சோம்பேறித்தனம். அலாரம் அடித்தால் சின்னக் கட்டடம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், உள்ளே பத்துப் பேர் நிற்கவே இடம் இருக்காது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெட்டவெளி! விமானம் ஓட்டும் கேமுக்காகச் செய்த என்ஜினில் இதைக் கட்டினார்களாம். மலைமேல் படுத்துக்கொண்டு தூரத்து முகாமைப் பைனாகுலரில் பார்க்கிற அந்த முதல் நிமிஷத்தின் அமைதி, பிற்பாடு ஆடிய எந்தத் துப்பாக்கி கேமிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வைஸ் சிட்டியை நாங்கள் யாரும் கேமாக ஆடவில்லை. மிஷன் என்று ஒன்று இருப்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். பேன்சர் என்று டைப் அடித்தால் டாங்கி வரும், ஆஸ்பிரின் என்று அடித்தால் உயிர் வரும். இங்கிலீஷ் ஸ்பெல்லிங் பாதி அப்படித்தான் கற்றோம் :-) மிஷன்களில் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி நாலு குண்டு வைக்கச் சொல்லும் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர் எங்கிருந்தாலும் வாழ்க. கீபோர்டில் அதை முடித்தவனுக்குக் கம்பெனியே சர்டிபிகேட் கொடுக்க வேண்டும்.

பிறகு காலேஜில் மூலதன வரவுசெலவுப் பாடம் நடத்தியபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்த கேம்தான். அதில் மாலிபு கிளப்பை 1,20,000 டாலருக்கு வாங்கலாம். அதன் மிஷன்களை முடித்தால் நாளைக்கு 10,000 வரும். பன்னிரண்டு நாளில் போட்ட பணம் திரும்பிவிடும். கேமில் ஒரு நாள் என்பது நம்முடைய 24 நிமிஷம், ஆக ஐந்து மணி நேரத்துக்குள் முதல் கையில். சம்பளம் இல்லை, கரண்ட் பில் இல்லை, ஜி.எஸ்.டி இல்லை. டாமி வெர்செட்டிக்கு ஆடிட்டரே தேவைப்படவில்லை.

இவற்றில் என் மனசுக்கு நெருக்கமானது கிரிக்கெட் 07. இஏ ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் கணினிக்குக் கிரிக்கெட் கேம் செய்யவே இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் ஆடுகிறவர்கள் விடவில்லை. ஐபிஎல் தொடங்கியது 2008-ல். கேமுக்குள் ஐபிஎல்லே கிடையாது. யாரோ முகம் தெரியாத பையன்கள் மஞ்சள் சட்டையை வரைந்து, சின்னசாமி ஸ்டேடியத்தை ஒட்டவைத்து, ஒவ்வொரு வருஷமும் புது வீரர்களைச் சேர்த்துப் பேட்ச் என்று இலவசமாகக் கொடுத்தார்கள். நான் ஆடிய சிஎஸ்கே அப்படி வந்ததுதான். பின்னால் ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் பேசுவார்கள். பெனோ 2015-ல் இறந்துபோனார். அவருக்குச் சம்பந்தமே இல்லாத சேப்பாக்கம் மேட்சுக்கு அவர் குரல் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேமாகப் பார்த்தால் ஓட்டை நிறைய. டைமிங் பிடிபட்டுவிட்டால் பத்து ஓவரில் இருநூறு அடிக்கலாம், ஒரு சவாலும் கிடையாது. பீல்டர்கள் கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்பதுபோல நிற்பார்கள். இருந்தும் இது என்னிடம் கேட்டதைவிட எனக்குக் கொடுத்தது அதிகம். ஒரு லேப்டாப், ஒரே கீபோர்டு, இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "ஏய் கையை எடுறா". இது வேறு எதில் கிடைக்கும்?

2016-ல் ஜியோ வந்தது. அதோடு லேப்டாப் காலம் முடிந்து செல்போன் காலம் ஆரம்பித்தது. பப்ஜி மொபைல் 2018-ல் வந்தது. நூறு பேரை ஒரு தீவில் இறக்கி, கடைசியில் ஒருவன் மிஞ்சினால் சிக்கன் டின்னர். ஆனால் அந்த கேம் ஆடுவதற்கு ஒரு நல்ல செல் வேண்டும். எங்கள் பக்கம் பையன்கள் கையில் இருந்ததெல்லாம் அப்பாவின் பழைய செல். அதில் ஓடியது ப்ரீ ஃபயர். ஐம்பது பேர், பத்து நிமிஷம், சின்னச் செல்லிலும் சூடாகாமல் ஓடும். பப்ஜி ஆடுகிறவன் ப்ரீ ஃபயர் ஆடுகிறவனை மட்டமாகப் பேசுவான். யோசித்துப் பார்த்தால் அது கேம் சண்டையே இல்லை, யார் வீட்டில் என்ன செல் என்ற சண்டை. ஊரில் சாதாரணமாக நடக்கிற விஷயம், இங்கே வேறு வேஷத்தில்.

என் நேர்மையான கருத்து: ஆட்டமாக ப்ரீ ஃபயர் நன்றாகவே இருக்கும். வேகம் இருக்கும், காத்திருக்க வேண்டாம். ஆனால் அதில் ஒரு அயோக்கியத்தனம் உண்டு. பப்ஜியில் துப்பாக்கிக்கு ஸ்கின் வாங்கினால் அது வெறும் பெயின்ட். ப்ரீ ஃபயரில் ஸ்கின் வாங்கினால் துப்பாக்கிக்குச் சக்தியே கூடும், கேரக்டருக்குத் தனித் திறமை. காசு கட்டியவன் குண்டு கொஞ்சம் கூடுதலாகக் குத்தும். ஓசி என்று சொல்லி உள்ளே விட்டு, உள்ளே போனதும் டயமண்டை நீட்டுகிற வியாபாரம். பொருட்காட்சிக்கு நுழைவு இலவசம், ராட்டினத்துக்கு டிக்கெட் என்பது மாதிரி. ராட்டினமாவது இத்தனை ரூபாய் என்று போர்டில் எழுதியிருக்கும். இங்கே சுற்றிவிட்டுப் பார், விழுந்தால் உனக்கு என்பார்கள். எதிரே இருப்பது எட்டாம் வகுப்புப் பையன்.

அரசாங்கம் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. ஆனால் பார்த்தது வேறு கண்ணால். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி உட்பட 118 ஆப்களைத் தடை செய்தார்கள், காரணம் சீனா. 2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ப்ரீ ஃபயரைத் தடை செய்தார்கள், ப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. 2022 ஜூலையில் பிஜிஎம்ஐ போனது, 2023 மே மாதம் திரும்ப வந்தது. இத்தனைக்கும் நடுவில் எனக்கு மறக்காத ஒரு விஷயம்: 2021-ல் பிஜிஎம்ஐ வந்தபோது சின்னப் பையன்களைப் பாதுகாக்க என்று ஒரு விதி போட்டார்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது! ஒரு நாளைக்கு! எங்கள் பக்கம் ஒரு வாரம் முழுக்க மில்லுக்குப் போனாலும் அந்தக் காசைப் பார்க்காத வீடுகள் எத்தனையோ. யாரைப் பாதுகாக்க வந்த விதி என்று இன்னமும் புரியவில்லை.

இதற்கு அடுத்த படிதான் ரம்மி. அதைக் கேம் பட்டியலில் சேர்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சேர்த்தது நான் இல்லை, விளம்பரக்காரர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார், மில்லில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தும் தூங்காமல் செல்லைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முதலில் சம்பளம் போனது. அப்புறம் மதினியின் செயின். அப்புறம் வட்டிக்கு வாங்கியது. ஒரு நாள் விடிகாலையில் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். அவர் மகன் என்னோடு கிரிக்கெட் 07 ஆடியவன்.

அதிலிருந்து எங்கள் தெருவில் கேம் என்றாலே அதுதான். செல்லைப் படுக்கை வாக்கில் பிடித்தால் போதும், "அவன மாதிரி ஆயிராத" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். செஸ் ஆடினாலும் அதே வசனம். எனக்கு இருக்கிற கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். சூதாட்டம் கேம் என்ற பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது, கெட்ட பேர் மிச்சவர்களுக்கு.

ரம்மிக்காரர்கள் எப்போதும் நீட்டுவது 1968-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று அதில் இருக்கிறது. சரிதான், சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டும். ஆனால் அந்த வழக்கு செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியவர்களைப் பற்றியது. ராத்திரி ரெண்டு மணிக்குத் திண்ணையில் தனியாக, எதிரே யார் என்றே தெரியாமல், "இன்னும் ஒரு கை ஆடுங்கள், போனஸ் உண்டு" என்று மெசேஜ் வருகிறவனைப் பற்றியது அல்ல. திறமை இருக்கா இல்லையா என்பதல்ல கேள்வி, யாரால் நிறுத்த முடியும் என்பதுதான்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டக் கதை ஒரு மெகா சீரியல். 2021-ல் போட்ட சட்டத்தை அதே வருஷம் ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு. 2023 ஏப்ரலில் புதுச் சட்டம். அதே வருஷம் நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அது செல்லாது என்று நீதிமன்றம். 2025-ல் நடுராத்திரி 12 முதல் காலை 5 வரை காசு ஆட்டம் கூடாது என்று விதி, அதை ஜூனில் நீதிமன்றம் ஏற்றது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்ற, பெரிய ஆப்கள் அந்த மாதமே காசு ஆட்டத்தை நிறுத்தின. நடுவில் 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணம் முழுவதுக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி வேறு. டாக்ஸ் பரீட்சையில் இதைக் கேட்டார்கள், நன்றாக எழுதினேன். எழுதும்போது அந்தத் திண்ணைதான் ஞாபகத்தில் இருந்தது.

சரி, கசப்பு போதும். நம்ம ஆட்கள், நம்ம இடங்கள் வருகிற கேம்களுக்கு வருவோம்.

ராஜி என்று புனேக்காரர்கள் 2020-ல் செய்தது. தம்பியைத் தேடிப் போகும் அக்கா. பார்க்க அவ்வளவு அழகு. சண்டை போடத்தான் வராது. கதை சூடு பிடிக்கும்போது முடிந்துவிடும். இந்தியக் கேம் என்பதற்காக ஐந்து ஸ்டார் போட எனக்கு மனசு வரவில்லை.

அன்சார்டட் தி லாஸ்ட் லெகசி நடப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில். 2017-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்து, 2022 அக்டோபரில் கணினிக்கு வந்தது. ஹாஸ்டலில் நண்பன் லேப்டாப்பில் ஆடினேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரிவது அதே மலைத்தொடர்தானே, எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஆசை. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. திரும்பிய பக்கமெல்லாம் அருவி, நூறடி உயரத்தில் சிலைகள், ஹொய்சாளர் புதையல். நிஜ ஹளேபீட்டும் பேளூரும் இருப்பது கர்நாடகத்தில். அங்கே பெருமை உயரத்தில் இல்லை, மாக்கல்லில் நகை மாதிரி செதுக்கிய வேலையில். 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் அதற்காகத்தான். வெள்ளைக்காரனுக்குப் பெரிதாக இருந்தால்தான் அதிசயம் போலிருக்கிறது. எங்கள் பக்கத்து மலை மழை மறைவுப் பக்கம், பாதி வருஷம் காய்ந்து கிடக்கும். ஜீப்பில் குளோயி பாட்டுக்குக் காட்டுக்குள் போகிறாள். செண்பகத்தோப்பு செக்போஸ்ட்டில் எங்களை எத்தனை கேள்வி கேட்பார்கள்! சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகம் வேறு. அவளுக்கு மட்டும் பர்மிட்டே தேவையில்லை. மற்றபடி யானை மேல் போகும் காட்சிக்காகவே இன்னொரு முறை ஆடலாம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டில் 2022 ஏப்ரலில் திராவிடர்கள் வந்தார்கள். ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதை, சுருள்வாள் வீசும் படை, திரிசடை என்ற கப்பல். வேலையாளைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான்! முதல் நாள் விறகு கூட வெட்ட விடாமல் சும்மா கிளிக் செய்துகொண்டே இருந்தேன். (பாண்டிய நாட்டுக்காரன் கையில் சோழனைக் கொடுத்துவிட்டார்கள், பொறுத்துக்கொண்டேன்.) ஆனால் ஆடிப் பார்த்தால் தரையில் தர்ம அடி. நைட் என்கிற கனமான குதிரைப்படை நமக்குக் கிடையாது. தண்ணீர் இருக்கிற மேப்பில் மட்டும் நாம் ராஜா. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், பாண்டியர்கள் வருஷா வருஷம் கடல் வழியாக அரபுக் குதிரைகளை வாங்கினார்கள், அவை இங்கே பிழைக்காமல் செத்தன என்று மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். தோற்கடித்தாலும் சரித்திரத்தோடுதான் தோற்கடிக்கிறார்கள்.

கடைசியாக வெண்பா. 2023 ஜூலையில் வந்தது, டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1988-ல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதி, அவர்கள் மகன் கவின், அம்மா கொடுத்தனுப்பிய கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு. 2024-ல் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. ஆட்டமாகப் பார்த்தால், உள்ளதைச் சொல்கிறேன், ரொம்ப ஈசி. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தப்பாகச் சமைத்தால் மறுபடி சமைக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஐ.ஜி.ஐ ஆடிய கைக்கு இது கேமா என்றிருக்கும்.

லீவில் நண்பனின் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதை ஆடினேன். முதல் வேலையே இட்லி. குறிப்பில் பாதி அழிந்திருக்கும், தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அம்மா, "நேரா வச்சா மேல் தட்டுக் குழி கீழ இருக்க இட்லி மேல உக்காந்துரும்ல. மாத்தி வை" என்றாள். மாற்றி வைத்தேன், வெந்தது. அம்மா அடுப்படிக்குப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புட்டு வந்தது, பிரியாணி வந்தது. கவின் வளர்ந்து, அம்மா தமிழில் பேசப் பேச இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்தபோது, "என்ன சொல்றான் அவன்?" என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு இடத்தில் எனக்கே சொல்லப் பிடிக்காமல், "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அம்மாவுக்கு விருது பற்றியெல்லாம் தெரியாது. முடிந்ததும் அவள் சொன்ன விமர்சனம் இரண்டே இரண்டு. ஒன்று, ரசத்துக்கு அவ்வளவு நேரம் எடுக்காது. இரண்டு, "அந்தப் பய வாரம் ஒரு தடவையாச்சும் போன் பண்ணிருக்கலாம்."

எனக்கு அடுத்த திங்கட்கிழமை காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சை. இந்த வருஷ ஐபிஎல் பேட்ச் இறக்கி வைத்திருக்கிறேன், அது செவ்வாய்க்கிழமைக்கு.